ஒருவர் நிறுவிவிட்டால் போதுமா?

1964 டிசெம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த சூறாவளி, ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தள்ளியுள்ள தலைமன்னாரையும் விட்டுவைக்கவில்லை. பாக்கு நீரிணை ஆழங்குறைந்தது. காற்று தள்ளிக் குவிக்கும் நீர் அங்கே ஆழத்தில் அடங்குவதில்லை, கரையேறிவிடுகிறது. அந்த நீர் எங்கே, எப்போது, எவ்வளவு உயரும் என்பதை இன்று முன்கூட்டியே கணிக்கலாம். ஐதராபாத்திலுள்ள இன்கோயிஸ் என்ற கடல்சார் தகவல் மையம் அட்சர்க் என்ற மென்பொருளைக் கொண்டு இந்தியக் கரைகளுக்கு இதைச் செய்கிறது. ஆனால் இலங்கையின் மன்னார் தீவின் தாழ்நிலங்களையும் பேசாலைக் கரையையும் நுணுக்கமாக வரைந்து கணிக்கும் திறன் நமக்குள்ளேயே வளரவேண்டும்.

அதற்கு முதற்படி, நம் பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினித் தொகுதியில் அம்மென்பொருளை நிறுவுவது. கைத்தொலைபேசியில் செயலி இறக்குவது போல இது எளிதல்ல. போட்ரான் தொகுப்பி, நெட்சிடிஎஃப் நூலகம், கணுக்கள் எனப்படும் தொகுதியின் தனித்தனிக் கணினிகளுக்கிடையே தகவல் பரிமாறும் எம்பிஐ நூலகம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். ஒன்று பிசகினாலும் மென்பொருள் உருவாகாது, அல்லது பாதி ஓட்டத்தில் நின்றுவிடும். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மாதக்கணக்கில் போராடித் தம் சொந்தக் கோப்பகத்தில் இதை நிறுவுகிறார். பட்டம் பெற்றுப் போகும்போது அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. அடுத்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

இந்த விரயத்தை நிறுத்தும் பொறுப்பு எல்லோருக்கும் உண்டு. நிறுவுபவர் எந்தப் பதிப்பை, எந்தத் தெரிவுகளோடு நிறுவினார் என்பதை எழுதிவைக்கட்டும். ஸ்பாக், ஈசிபில்ட் போன்ற கட்டற்ற கருவிகள் அந்தச் செய்முறையைக் கோப்பாகவே காத்துத் தருகின்றன. தொகுதி நிர்வாகி அதை எல்லோரும் ஒரே கட்டளையில் ஏற்றிக்கொள்ளும் மொடியூலாக்கி, விடை தெரிந்த மாதிரிக் கணக்கால் சரிபார்த்த பின்னரே திறந்துவிடவேண்டும். பயனர்கள் நுழைவுக் கணுவில் பெரிய கணக்குகளை ஓட்டாமல், அவற்றை வரிசையில் இட்டுக் காத்திருந்து, தேவையான அளவு கணுக்களையே கேட்கவேண்டும். துறைத் தலைவர்கள் இந்தப் பராமரிப்பையும் ஆய்வுப் பணியாக மதித்து, அதற்கு நேரமும் ஊதியமும் ஒதுக்கவேண்டும்.

கரையில் வாழ்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. கணிப்புக்குக் கொடுக்கும் கடற்படுக்கையின் ஆழம் தவறானால் எத்தனை வேகமான கணினியும் தவறான விடையையே தரும். மணல்திட்டு எங்கே நகர்ந்தது, எந்த வாய்க்கால் தூர்ந்தது என்பதை நாள்தோறும் அறிபவர்கள் மீனவர்கள். 1964இல் நீர் எதுவரை வந்தது என்பது முதியவர்களின் நினைவில் இருக்கிறது. அது கணிப்பை உரசிப்பார்க்கும் சான்று.

ஆண்டுதோறும் வடகீழ்ப் பருவமழைக்கு முன், அந்த 1964 சூறாவளியைப் பொதுக் கணினியில் மீள ஓட்டிப்பார்ப்போம். பல்கலைக்கழகம், வளிமண்டலவியல் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவை ஒரே மேசையில் அமர்ந்து விடையைச் சோதிக்கட்டும். மென்பொருள் ஓடாவிட்டால் அது ஒக்டோபரிலேயே தெரியட்டும். திருத்திக்கொள்ள அப்போது நாளிருக்கும். புயல் புறப்பட்ட பின் இராது.