மணலில் ஒரு ஓநாய்

படம் வரையத் தெரியாதவருக்கு அனிமேஷன் வகுப்பில் என்ன வேலை? 1968இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் டெரக் லாம்ப் நடத்திய வகுப்பில் சேர்ந்த கரோலின் லீஃபுக்கு இந்தக் கவலை இருந்தது. பென்சிலை நம்பாத அவர், கீழிருந்து ஒளி பாயும் கண்ணாடியில் மணலைக் கொட்டினார். விரலால் சற்று நகர்த்துவது, ஒரு ஃபிரேம் எடுப்பது, மறுபடி நகர்த்துவது. பீட்டர்-ஓநாய் கதை இப்படித்தான் அவரது முதல் படமாயிற்று.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அடுத்த உருவம் வேண்டுமானால் இருக்கும் உருவத்தை அழித்தாக வேண்டும். பிழை நேர்ந்தால் திரும்பிப் போக வழியில்லை. அந்தத் துணிச்சல் மாணவியோடு கூடவே வந்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் அவர் கண்ணாடியில் சாயம் பூசி, கலைத்துக் கலைத்து எடுத்த ‘தி ஸ்ட்ரீட்’ (1976) ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. ‘டூ சிஸ்டர்ஸ்’ (1990) படத்துக்கு ஃபிலிமையே நேரடியாகக் கீறினார்.

இன்று கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் தவறு மறைந்துவிடுகிறது. வசதிதான். ஆனாலும், வரைய வராது என்று கடைசி பெஞ்சில் ஒதுங்கும் மாணவர்களுக்கு ஒரு பிடி மணலும் ஒரு விளக்கும் இன்னமும் போதும்.