தரையில் இடமில்லை என்றால் டின்னைக் கொட்டுவதா?

சங்கத்தின் சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி அருந்திக்கொண்டிருந்த வேளையில், லேக் மார்க்கெட் பக்கத்தில் வசிக்கும் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். முகத்தில் கவலை தெரிந்தது.

“மாமா, கம்ப்யூட்டர் டிஸ்க்கில் ஏதோ கீறல் விழுந்துவிட்டதாம். படத்தைத் திருத்த முடியவில்லை, சேமிக்கவும் முடியவில்லை. இருக்கிற பழைய படங்களையெல்லாம் அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?” என்று கேட்டார்.

“அழிக்காதே, அம்மா! ஒன்றையும் அழிக்காதே!” என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவ்வாறு பதறியதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

அடுத்த மாதம் அந்தச் சகோதரியின் தகப்பனாருக்குச் சதாபிஷேகம். 1966-ஆம் ஆண்டு, டல்ஹௌசி சதுக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து ஊரை விட்டுப் புறப்படுமுன், குடும்பத்தோடு கும்பகோணத்தில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று அவரிடம் இருக்கிறது. எட்டங்குல அகலம், பத்தங்குல உயரம். பின் வரிசையில் அவருடைய தாயார் நிற்கிறார். அந்த அம்மையார் படமெடுத்துக்கொண்டது ஆயுளில் அந்த ஒரு தடவைதான். வங்காளத்து ஈரக் காற்றில் அறுபது ஆண்டுகளாக இருந்ததனால் படத்தில் பூஞ்சை படர்ந்து, நடுவே ஒரு மடிப்பும் விழுந்துவிட்டது. அதைச் செப்பனிட்டுப் பெரிதாக அச்சிட்டு, விழாவன்று மண்டபத்தில் வைக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. வேலை பாதியில் இருக்கும்போதுதான் போட்டோஷாப், ‘ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் ஆர் ஃபுல்’ என்று அறிவித்துவிட்டு நின்றுவிட்டது.

‘ஸ்கிராட்ச்’ என்றால் கீறல்தானே என்று நினைப்பது இயல்பு. இங்கே பொருள் வேறு. கணக்குப் போடும் மாணவன் பக்கத்தில் ஒரு கிறுக்கல் தாள் வைத்துக்கொள்கிறான் அல்லவா? அந்தத் தாளைப் போன்ற இடத்தையே அச்சொல் குறிக்கிறது. தட்டு பழுதாகவில்லை, கிறுக்க இடம் போதவில்லை, அவ்வளவே.

இதனை நம் வீட்டுத் தீபாவளிச் சமையலோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். முறுக்கு பிழிபவர் முதலில் அடுப்பருகே உள்ள மேஜையில் பரப்புகிறார். மேஜை நிறைந்ததும் தரையில் செய்தித்தாளை விரித்து அங்கே பரப்புகிறார். ஆறிய பிறகு டின்களில் அடைக்கிறார். கணிப்பொறியில் மேஜை என்பது ‘ராம்’ என்னும் நினைவகம். தரையில் விரித்த செய்தித்தாள், வன்தட்டில் போட்டோஷாப் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் இடம். டின்கள் நாம் சேமித்து வைத்த கோப்புகள். இதில் ஒரு சங்கடம் யாதெனில், டின்களும் அதே தரையில்தான் நிற்கின்றன. டின்கள் பெருகப் பெருகச் செய்தித்தாள் விரிக்க இடம் குறைகிறது. அதற்காக டின்னில் உள்ள பலகாரத்தை யாராவது தெருவில் கொட்டுவார்களா? டின்களை அடுத்த அறைக்கு அல்லவா மாற்றுவார்கள்!

இந்த யுக்தி புதியதன்று. இந்தியாவில் முதன்முதலாக நிறுவப்பட்ட மின்னணுக் கணிப்பொறி, 1950-களில் நம் நகரத்திலேயே, பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இயங்கத் தொடங்கியது. ஹெச்.இ.ஸி.-2எம் என்பது அதன் பெயர். சுழலும் காந்த உருளையே அதன் நினைவகம். 1,024 எண்களுக்கே அதில் இடம் உண்டு. சிறிய நினைவகத்தையும் பெரிய உருளையையும் இணைத்து, இரண்டும் ஒன்றே என்று தோன்றுமாறு தானே பொருள்களை இடம் மாற்றிக்கொள்ளும் முறையை, 1962-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ‘அட்லஸ்’ கணிப்பொறி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் தொடங்கி 1990-இல் வெளியான போட்டோஷாப்பும் அவ்வழியே செல்கிறது. அச்செயலி திறக்கும்போது தோன்றும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற தமிழ்ப் பெயரை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். அதனை உருவாக்கிய பொறியாளர்களுள் அவர் முக்கியமானவர்.

“என் படம் ஒன்றே ஒன்றுதானே, அதற்கு இவ்வளவு இடம் எதற்கு?” என்று சகோதரி கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் அந்தப் படத்தை அங்குலத்திற்கு 1,200 புள்ளி வீதம் வருடி எடுத்திருந்தார். அகலத்தில் 9,600 புள்ளிகள், உயரத்தில் 12,000 புள்ளிகள். பெருக்கினால் 11 கோடியே 52 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். அவர் 16 பிட் நுட்பத்தைத் தேர்ந்தெடுத்ததால் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைட். ஆக, ஏறத்தாழ 69 கோடி பைட், அதாவது 690 மெகாபைட். திருத்தும்போது படத்தை முழுமையாகப் பத்து அடுக்குகளாகப் படியெடுத்திருந்தார். அப்படியானால் ஏறக்குறைய 7 கிகாபைட். கணிப்பொறியின் நினைவகம் முழுவதும் 8 கிகாபைட்தான்! அது போதாதென்று, செய்ததை மாற்றிக்கொள்ள வசதியாக, கடைசி 50 செயல்களை போட்டோஷாப் நினைவில் வைத்துக்கொள்ளுகிறது. மேஜை நிறைந்து, தரையும் நிறைந்ததில் வியப்பென்ன?

அதே படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளியாக, 8 பிட்டில் வைத்தால் 86 மெகாபைட்தான் ஆகும். எட்டில் ஒரு பங்கு. புள்ளி வீதத்தை இரட்டித்தால் சுமை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது என்பதை மறக்கலாகாது. 600 புள்ளியில் எடுத்த அந்தப் படத்தை 16-க்கு 20 அங்குல அளவில், அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சிடலாம். மண்டபத்தில் வைக்க அது தாராளம். மேலும், தட்டில் 10 மெகாபைட்டாகக் கிடக்கும் ஜேபெக் கோப்பு, திறந்தவுடன் எண்ணெயில் விழுந்த அப்பளம் போல விரிந்துவிடும். ஆகவே கோப்பின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இனி, இந்த அறிவிப்பு தோன்றினால் வரிசையாகச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவதாக, செய்துகொண்டிருக்கும் வேலையை ‘சேவ் அஸ்’ மூலம் வெளித்தட்டு ஒன்றில் புதுப் பெயரோடு சேமியுங்கள். அதன்பின் ‘எடிட்’ பட்டியலில் ‘பர்ஜ்’ என்பதில் ‘ஆல்’ என்பதை அழுத்தினால், பழைய செயல்களின் நினைவு நீங்கி இடம் விடுபடும். ஆனால், செய்ததைப் பின்னோக்கி மாற்றும் வசதி அதோடு போய்விடும். சேமித்த பிறகே அதைத் தொடுங்கள்.

இரண்டாவதாக, ‘எடிட்’ பட்டியலில் ‘பிரிஃபரன்ஸஸ்’, அதனுள் ‘ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ‘ஸி’ என்னும் பிரிவு மட்டுமே அங்கே குறிக்கப்பட்டிருக்கும். அதிக இடமுள்ள வேறு பிரிவோ, வேகமான வேறு தட்டோ இருந்தால் அதனைக் குறியுங்கள். பென் டிரைவ் இதற்கு உதவாது; அது மெதுவானது, நடுவில் யாராவது பிடுங்கினால் வேலையும் போயிற்று. செயலி திறக்கவே மறுத்தால், அது தொடங்கும்போது கண்ட்ரோல், ஆல்ட் இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருங்கள். எந்தத் தட்டு வேண்டும் என்று அதுவே கேட்கும். மாக் கணிப்பொறியில் கமாண்ட், ஆப்ஷன் விசைகள்.

மூன்றாவதாக, செயலி இடையில் செயலிழந்து நின்ற நாள்களில் அதன் செய்தித்தாள்கள் மடிக்கப்படாமல் தரையிலேயே கிடக்கும். ‘போட்டோஷாப் டெம்ப்’ என்று தொடங்கும் கோப்புகள் அவை. செயலியை முற்றிலும் மூடிய பின் அவற்றைத் தயங்காமல் நீக்கலாம். நீக்கத் தகுந்தவை அவையே. உங்கள் படங்கள் அல்ல.

நான்காவதாக, ‘போதிய ராம் இல்லை’ என்ற அறிவிப்பு வந்தால் அது மேஜையைப் பற்றியது. ‘பிரிஃபரன்ஸஸ்’ பட்டியலில் ‘பர்ஃபார்மன்ஸ்’ பகுதியில், நினைவகத்தில் போட்டோஷாப்புக்கு எத்தனை பங்கு என்பது குறித்திருக்கும். வழக்கமாக அது 70 விழுக்காடு. சற்று உயர்த்தலாம், நூறாக்கினால் கணிப்பொறியின் மற்ற வேலைகள் திணறும். இணைய உலாவி போன்றவற்றை மூடிவிட்டுப் பாருங்கள். அடிக்கடி இந்தத் தொல்லை நேர்ந்தால் சாந்தினி சந்தையில் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்துவதே நிரந்தரப் பரிகாரம்.

விலையின்றிக் கிடைக்கும் ‘கிம்ப்’ செயலியைப் பயன்படுத்துவோருக்கும் இவை பொருந்தும். அதில் ‘பிரிஃபரன்ஸஸ்’ பட்டியலின் ‘சிஸ்டம் ரிஸோர்ஸஸ்’ பகுதியில் நினைவகப் பங்கையும் பின்னோக்கிச் செல்லும் படிகளின் எண்ணிக்கையையும், ‘ஃபோல்டர்ஸ்’ பகுதியில் தற்காலிக இடத்தையும் மாற்றலாம்.

சேமிக்கும்போது வரும் தடைகள் இரண்டு உண்டு. பி.எஸ்.டி. வகைக் கோப்பு 2 கிகாபைட்டுக்கு மேல் வளராது. அதற்கு மேற்பட்டால் பி.எஸ்.பி. வகையில் சேமிக்க வேண்டும். பென் டிரைவில் ஏராளமான இடம் இருந்தும் பெரிய கோப்பு ஏற மறுத்தால், அது ‘ஃபேட்32’ முறையில் அமைந்திருக்கக் கூடும். அம்முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்டக் கூடாது. ‘எக்ஸ்ஃபேட்’ முறைக்கு மாற்றினால் சரியாகும். ஆயினும் மாற்றும்போது அதில் உள்ளவை அனைத்தும் அழிந்துபோகும் என்பதால், முதலில் அவற்றை வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் பதறியதன் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

2014-இல் என் கணிப்பொறியும் இதே அறிவிப்பைக் காட்டியது. அவசரத்தில் பெரிய கோப்புகள் எவை என்று பார்த்தேன். என் தமக்கையின் திருமணப் படங்களை நான் வருடி எடுத்து வைத்திருந்தவையே அவை. ‘அசல் அக்காவிடம் இருக்கிறதே, வேண்டும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம்’ என்று அழித்தேன்; குப்பைக் கூடையையும் காலி செய்தேன். என் தட்டின் மற்றொரு பிரிவு பாதிக்கு மேல் காலியாக இருந்ததை அதற்குப் பிறகே கவனித்தேன். ஓர் அடையாளக் குறி இட்டிருந்தால் போதும். எதையும் அழித்திருக்க வேண்டியதில்லை.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. தரைத்தளத்தில் இருந்த அக்கா வீட்டில் இடுப்பளவு நீர். ஆல்பத்தின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. தொலைபேசியில் அக்கா, “போனால் போகிறது. உன் கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறதல்லவா?” என்று கேட்டாள். “தேடிப் பார்க்கிறேன், அக்கா” என்றேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். முன்பு யாருக்கோ மின்னஞ்சலில் அனுப்பிய சிறு பிரதி ஒன்றுதான் பிறகு கிடைத்தது. அதில் முகங்கள் மிளகளவே இருக்கின்றன.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு பெரிய நிலையத்திற்கும் ஆபத்தே. எஸ்.என். பானர்ஜி சாலையில் இருந்த ‘போர்ன் அண்டு ஷெப்பர்டு’ புகைப்பட நிலையத்தை நம் முதியோர் அறிவார்கள். 1991-இல் நேர்ந்த தீயில் அதன் பழம்படச் சேமிப்பின் பெரும்பகுதி அழிந்தது. 2016-இல் நிலையமே மூடப்பட்டது. ஆகவே, வருடி எடுத்த மூலக் கோப்பைத் திருத்தாமல் அப்படியே வைத்து, படியெடுத்ததில் மட்டும் வேலை செய்யுங்கள். மூலத்தின் ஒரு பிரதி வீட்டுக் கணிப்பொறியிலும், ஒன்று வெளித்தட்டிலும், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடமும் இருக்கட்டும். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இந்த மூன்றாவது எளிது. எல்லாருக்கும் வேறு ஊரில் உறவினர் உண்டு.

மறுநாள் மாலை அந்தச் சகோதரி வீட்டிற்குச் சென்றேன். மூலக் கோப்பை வெளித்தட்டில் படியெடுத்து, பிரதியை 600 புள்ளியாகக் குறைத்து, வேண்டாத அடுக்குகளை ஒன்றாக்கி, தற்காலிக இடத்தை ‘டி’ பிரிவுக்கு மாற்றினோம். அரை மணி நேர வேலை. மடிப்பு விழுந்த இடத்தை அவரே பொறுமையாகச் சரிசெய்தார். பெரியவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூஞ்சை நீங்கி அந்த அம்மையாரின் முகம் தெளிந்தபோது, “அம்மா அன்றைக்கு என் மேல் கோபமாக இருந்தாள். இவ்வளவு தூரம் போக வேண்டாமென்றாள்” என்றார். அறுபது ஆண்டுகளில் மகளிடம் அவர் அதைச் சொன்னதில்லையாம். மகள் உடனே அதைக் கோப்பின் குறிப்பில் எழுதி வைத்தார்.

படங்களுக்குப் பெயரும் குறிப்பும் எழுதும் முறையைப் பற்றி அடுத்த இதழில் பேசுவோம்.