நயம் பாராட்டினால் போதுமா?

ஒரு பாடலைத் தந்து, அதன் நயத்தைப் பாராட்டி எழுதுமாறு தமிழ்த் தேர்வு நம்மைக் கேட்கிறது. மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம் எனத் தலைப்பிட்டு எழுதிவிடுகிறோம். பாடலின் உறுப்புகளை இனங்காண இப்பயிற்சி உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாடல் சிறந்தது என்னும் முடிவைப் படிக்கும் முன்பே ஏற்றுக்கொண்டு, அதற்குரிய சான்றுகளை மட்டுமே தேடுகிறோம். தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுச் சாட்சியைத் தேடுவதற்கு ஒப்பானது இது. இதனைத் திறனாய்வு எனல் பொருந்துமா?

நம் இலக்கண மரபு இவ்வாறு நம்மைப் பழக்கவில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொன்னதோடு அமையவில்லை. பத்துக் குற்றங்களையும் வகுத்துரைத்தார். குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் அவற்றுள் அடங்கும். அவர் கூறும் எழுவகை மதங்களுள் உடன்படல் ஒன்று; மறுத்தல் மற்றொன்று; பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக்காட்டலும் ஒன்று. உடன்பாட்டுக்கும் மறுப்புக்கும் ஒரே அவையில் இடமளித்த மரபு நம்முடையது.

அம்மரபின் தொடர்ச்சியை நாமக்கல் மண்ணிலும் காணலாம். காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 1888ஆம் ஆண்டு பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கனார். திருக்குறளைப் போற்றிய அவர், அதன் உரைகள் அனைத்தையும் அப்படியே ஏற்கவில்லை. தம் மாறுபாட்டை வெளிப்படுத்திய நூலுக்குத் ‘திருவள்ளுவர் திடுக்கிடுவார்’ என்று பெயரிட்டார். மறுத்ததோடு நில்லாமல், திருக்குறளுக்குத் தாமே புதிய உரையும் எழுதினார். அவர் கொண்ட பொருளை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். நூலின்மேல் கொண்ட அன்பே வினா எழுப்பும் துணிவைத் தரும் என்பதற்கு அவர் சான்றாகிறார்.

‘பதினாறு வயதினர் புலவர்களின் குறைகாணப் புகுவது செருக்காகாதா?’ என்று சிலர் வினவலாம். காரணம் காட்டாமல் இகழ்வதே செருக்கு. காரணம் காட்டாமல் புகழ்வதும் சோம்பலே. நாமக்கல்லிலிருந்து புறப்படும் சரக்குந்தின் ஓட்டுநர், சக்கரங்களைத் தட்டிப் பார்த்த பின்னரே வண்டியில் ஏறுகிறார். வண்டியின்மீது வெறுப்புக் கொண்டு அவர் அவ்வாறு செய்வதில்லை. அதனை நம்பி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருப்பதாலேயே செய்கிறார். வாழ்நாள் முழுதும் நம்முடன் வரவேண்டிய இலக்கியத்தையும் அவ்வாறே தட்டிப் பார்த்தல் வேண்டும்.

எனவே, ‘நயம் பாராட்டுக’ என்பதனோடு ‘மதிப்பிடுக’ என்னும் சொல்லையும் நம் வகுப்பறைகள் சேர்த்துக்கொள்ளட்டும். உள்ளத்தைத் தொட்ட அடி எது? தொடாத அடி எது? ஏன்? விடையைப் பாடலின் சொற்களைக் கொண்டே நிறுவுக. உடன் பயிலும் தோழர் மாறுபட்டால், அவர் காட்டும் சான்றையும் செவிமடுக்க. கவிதையை இவ்வாறு படிக்கப் பழகியவர், நாளை மேடைப் பேச்சையும் விளம்பரத்தையும் செய்தியையும் ஆராயாமல் ஏற்கமாட்டார். மனப்பாடம் செய்த பாராட்டுரை தேர்வு நாளோடு முடிந்துவிடும். ஆராய்ந்து தெளிந்த கருத்தே நமக்கு உரியதாகும்.