கல்லாச் சாவி யார் கையில்?

2023 செப்டெம்பர் 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வந்து எங்கள் கப்பல்துறைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. எதிரணி இந்தியா, இடமோ நம் கொழும்பு. பிளேன்டி ஆறுவதற்குள் விக்கெட்டுகள் சரியத் தொடங்கின. முஹம்மத் சிராஜ் 21 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். நமது அணி 50 ஓட்டங்களுக்குள் சுருண்டது. மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோது தொலைக்காட்சியை அணைத்திருந்தார்கள். பேச்சு மட்டும் அணையவில்லை.

"கோச்சை முதல்ல அனுப்போணும்" என்றார் லொறி வைத்திருக்கும் தம்பி ஒருவர். "வெள்ளைக்காரனுக்கு டொலர்ல சம்பளம், நமக்கு 50 ஓட்டம்."

"போன வருசம் இதே கிண்ணத்த டுபாயில வென்றது யாருட காலத்துல? அப்ப இந்தக் கோச்தானே இருந்தவர்?" என்று கேட்டார் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர். அவர் சொன்னதும் சரிதான். 2022 செப்டெம்பர் 11இல் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்ற அணிக்கும் கிறிஸ் சில்வர்வூட்தான் பயிற்றுவிப்பாளர். பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்திருந்த நாடு அன்று ஓர் இரவாவது சிரித்தது. அன்று சில்வர்வூட்டின் பெயரை எங்கள் கடையில் ஒருவரும் சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வென்றால் பிள்ளைகள், தோற்றால் கோச்.

வியாபாரிகளாகிய நாம் இப்படிப் பேசுவதுதான் எனக்கு ஆச்சரியம். மற்றவர்கள் ஓட்டப் பலகையை மட்டும் பார்க்கலாம். நமக்குக் கணக்குத் தெரியும். இன்றைக்குக் கல்லாவில் விழுந்த காசு இன்றைய இலாபம் அல்ல, ஆறு மாதத்துக்கு முன் கொள்வனவு செய்த சரக்கின் பலன் என்பது பத்து வருடம் கடை நடத்திய எவருக்கும் தெரியும்.

அந்தக் கணக்கோடு நமது அணியைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் மிர்பூரில் இந்தியாவை வென்று இருபது20 உலகக் கிண்ணத்தை எடுத்தோம். அப்போது பயிற்றுவிப்பாளர் போல் ஃபார்பிரேஸ். அவர் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருக்கு முன் இரண்டு வருடம் அணியை வைத்திருந்தவர் கிரஹம் ஃபோர்ட். வெற்றி யாருடைய பேரேட்டில் ஏற வேண்டும்? அந்த மாதமே ஃபார்பிரேஸை இங்கிலாந்து துணைப் பயிற்றுவிப்பாளராகக் கூட்டிக்கொண்டு போனது வேறு கதை.

இன்னொன்று. 2024 செப்டெம்பரில் ஓவல் மைதானத்தில் பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 அடித்து, பத்து வருடத்துக்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் டெஸ்ட் வெற்றி தந்தார். தேநீர்க் கடை முழுக்கச் சனத் ஜயசூரியவின் புகழ். நானும் கைதட்டினேன். ஆனால் நிஸ்ஸங்கவை 2021இல் டெஸ்ட் அணிக்குள் எடுத்தபோது இருந்தவர் மிக்கி ஆர்தர். அவர் ஒருநாள் போட்டியில் 210 அடித்தது 2024 பெப்ரவரியில், சில்வர்வூட் காலத்தில். கமிந்து மெண்டிஸ் 2022இல் முதல் டெஸ்டிலேயே 61 அடித்தும் ஏறத்தாழ இரண்டு வருடம் வெளியே இருந்தார். சில்வர்வூட்டின் கடைசி மாதங்களில் திரும்பி வந்து இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். ஜயசூரிய காலத்தில் 13ஆவது இன்னிங்ஸில் 1000 ஓட்டங்களைத் தொட்டு பிரட்மனுக்குச் சமமாக நின்றார். ஒருவர் சரக்கு எடுக்கிறார், ஒருவர் அடுக்குகிறார், ஒருவர் பில் போடுகிறார்.

ஜயசூரிய ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2024 ஓகஸ்டில் 27 வருடங்களுக்குப் பிறகு இந்தியாவை ஒருநாள் தொடரில் வென்றது, நியூசிலாந்தைக் காலியில் இரண்டு டெஸ்டிலும் வென்றது எல்லாம் அவர் தற்காலிகப் பொறுப்பில் இருந்தபோதுதான். பிள்ளைகளின் பயத்தை எடுத்தார். அதுவும் ஒரு வேலைதான். ஒக்டோபரில் அவரை 2026 மார்ச் 31 வரை நிரந்தரமாக்கினார்கள். பிறகு தென்னாபிரிக்காவில் இரண்டு டெஸ்ட், காலியில் அவுஸ்திரேலியாவிடம் இரண்டு டெஸ்ட் தோற்றோம். லொறித் தம்பி மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கம்தான்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. அதுவரை பாதைக்காகக் கரையில் காத்துக் கிடந்த சனத்துக்குப் பெரிய விடுதலை. யுத்தமும் முடிந்திருந்தது. எல்லோரும் வீடு கட்டுவார்கள் என்று நம்பி, அடுத்த வருடமே கிண்ணியாவில் ஒரு ஹாட்வெயார் கடை போட்டேன். சீமெந்து, கம்பி, தகரம், பெயின்ட். நல்ல ஒரு மனேஜரையும் வைத்தேன். ஏழு மாதம் பார்த்தேன், விற்பனை ஏறவில்லை. அவரை நிற்பாட்டினேன். அடுத்தவரை வைத்தேன், அவரும் போனார். மூன்றாமவர் என் உறவுக்காரர். அவரை அனுப்பியதில் குடும்பத்துக்குள் இன்றும் ஒரு கசப்பு இருக்கிறது. இரண்டு வருடத்தில் மூன்று மனேஜர்.

முதலாவது மனேஜர் திருகோணமலை டவுனில் வேறொரு கடைக்குப் போய் அந்தக் கடையைத் தூக்கி நிறுத்திவிட்டார். ஒருநாள் அவரைக் கலியாண வீடொன்றில் கண்டேன். சகனில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கோபம் இல்லாமல்தான் சொன்னார்: "ஹாஜியார், பாலம் வந்ததும் நீங்க கிண்ணியாவுக்கு வந்தீங்க. கிண்ணியாச் சனம் அதே பாலத்தால டவுனுக்குப் போச்சு. அங்க விலையும் குறைவு, சாமானும் கூட. என்ன சாமான் எடுக்கிறது, யாருக்குக் கடன் குடுக்கிறது, எல்லாம் நீங்க கப்பல்துறையில இருந்துதானே சொன்னீங்க? எனக்கிட்ட இருந்தது கடைக் கதவுட சாவி மட்டுந்தான்."

சோறு இறங்கவில்லை.

ஆகவே ஒரு பயிற்றுவிப்பாளரைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் கேட்பது, அவர் கையில் எந்தச் சாவி இருந்தது என்பதைத்தான். நமது நாட்டில் தேசிய அணியைத் தெரிவுக்குழு தெரிகிறது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி அதற்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரமும் வேண்டும். 2017 டிசம்பரில் இந்தியாவுக்கு விமானம் ஏறப் போன வீரர்களை, அங்கீகாரம் பெறவில்லை என்று அன்றைய அமைச்சர் தயாசிறி ஜயசேகர கட்டுநாயக்கவிலிருந்தே திருப்பி எடுத்தார். அதே வருடம் இந்தியா இங்கே வந்து மூன்று டெஸ்ட், ஐந்து ஒருநாள், ஒரு இருபது20 என்று ஒன்பதுக்கு ஒன்பதும் வென்று போயிருந்தது. பயிற்றுவிப்பாளர் கதிரையில் அப்போது இருந்தவரோ தற்காலிகமானவர். 2011இல் ட்ரெவர் பெய்லிஸ் போனதிலிருந்து 2017 முடியும் வரை, தற்காலிகமாக வந்தவர்களையும் சேர்த்தால், அந்தக் கதிரையில் ஒன்பது பத்துத் தடவை ஆள் மாறியது. ஜெஃப் மார்ஷுக்கு நான்கு மாதமும் முழுதாகக் கொடுக்கவில்லை. அந்தப் பெய்லிஸ்தான் 2019இல் இங்கிலாந்துக்கு முதலாவது ஒருநாள் உலகக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தவர். எங்கிருந்தோ எனக்கு அந்தக் கலியாண வீடு ஞாபகம் வருகிறது.

ஆள் மாற்றுவதற்குச் செலவும் உண்டு. 2017 கடைசியில் பங்களாதேஷிலிருந்து சந்திக ஹத்துருசிங்கவைக் கூட்டி வந்தோம். 2019 பெப்ரவரியில் நமது அணி தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரை வென்றது. ஆசிய அணி ஒன்று அங்கே தொடர் வென்றது அதுவே முதல் தடவை. டேர்பனில் குசல் பெரேராவின் 153ஐ யார் மறப்பார்? அதே வருடம் உலகக் கிண்ணம் சரியாகப் போகவில்லை என்று, ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே அவரை விலக்கினார்கள். அவர் நட்டஈடு கேட்டார். கேட்கத்தானே செய்வார்? மனேஜரை நடுவில் அனுப்பினால் தொழிற் திணைக்களத்துக்குக் கடதாசி போகும் என்று நமக்கே தெரியும்.

இதற்காகப் பயிற்றுவிப்பாளரை யாரும் தொடக்கூடாது என்பதல்ல. சில்வர்வூட்டுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் கிடைத்தது. 2023 உலகக் கிண்ணத்தில் ஒன்பது போட்டியில் இரண்டைத்தான் வென்றோம். வான்கடேயில் 55க்குள் சுருண்டோம். 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்குத் தகுதியும் போனது. அதற்கு அவரும் பதில் சொல்லத்தான் வேண்டும். 2024 ஜூனில் இராஜினாமாச் செய்ததும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் மட்டுமா? அந்த நவம்பரில் அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார், சில நாட்களில் சர்வதேச கிரிக்கெட் பேரவை நம்மை இடைநிறுத்தியது. அதே வருடம் உதைபந்தாட்டத்தையும் றக்பியையும் அவற்றின் சர்வதேச அமைப்புகள் இடைநிறுத்தியிருந்தன. ஒரே வருடத்தில் மூன்று விளையாட்டு. மூன்றுக்கும் ஒரே கோச்சா இருந்தார்?

இதைத் தேநீர்க் கடையில் கேட்டபோது லொறித் தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதலாளியை மாத்த ஏலாதே ஹாஜியார், அதான் மனேஜரை மாத்துறம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அவர் யாரைச் சொன்னார் என்று எனக்குச் சந்தேகம்.

கிண்ணியாக் கடையை மூடிவிட்டேன். கப்பல்துறைக் கடையில் இப்போது இருக்கும் மனேஜரிடம் கொள்வனவையும் கொடுத்திருக்கிறேன். போன மாதம் என்னைக் கேட்காமலே ஐம்பது கைவண்டி இறக்கியிருக்கிறார். முற்றம் முழுக்க நிற்கிறது. காலையில் கடை திறக்கும்போது அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். நாக்கு நுனி வரைக்கும் வருகிறது. மார்ச் 31இல் இருப்பு எடுக்கும் வரை கேட்பதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.