சான்றிதழ் வந்தது, புகை போனதா?



வாகனம் என்றால் ஆண்களின் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், அது கக்கும் புகை ஆண், பெண் என்று பார்ப்பதில்லையே! கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களில் வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் முற்றத்தில் ஸ்டார்ட் செய்து விடும் காரின் புகை முதலில் நுழைவது நமது குசினி ஜன்னலுக்குள்தான்.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க, காப்புறுதியோடு புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். 2008ஆம் ஆண்டு மேல் மாகாணத்தில் ஆரம்பித்த இந்த நடைமுறை, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் வந்தது. பெற்றோல் கார் என்றால் புகைக்குழாயில் ஒரு கருவியைச் செருகி, இஞ்சின் மெதுவாக ஓடும்போதும், நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடும்போதும் அளப்பார்கள். பார்ப்பது முக்கியமாக இரண்டு. ஒன்று, காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு. மற்றது, எரியாமல் வெளியேறும் பெற்றோல்.

பழைய மொரிஸ் மைனருக்கு ஜப்பான் இஞ்சின் பூட்டி ஓடுவது நம் நாட்டில் புதிதல்ல. இப்படி மாற்றிய கார்கள் பரிசோதனையில் திணறலாம். அப்போது கராஜில், "டைமிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பாஸாகிவிடும்" என்பார்கள். அது என்ன டைமிங்?

காஸ் அடுப்பைத் திறந்துவிட்டு லைட்டரைப் பிந்தி அடித்தால் என்ன நடக்கும்? குபீரென்று பற்றும். இஞ்சினிலும் நேரம் அவ்வளவு முக்கியம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன் பிளக்கில் பொறி விழ வேண்டும். அளவுக்கு மீறி முந்தினால் இஞ்சின் தட்டும், பாகங்கள் கெடும். பிந்தினால் இழுவை குறையும், சூடு ஏறும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் எரியாத மிச்சம் சூடான புகைக்குழாயிலேயே எரிந்துவிடுவதால், கருவி காட்டும் கணக்கு குறையும். தந்திரம் இதுதான்! சான்றிதழ் வாங்கும் வரை பிந்தவைத்து, மறுநாள் பழையபடி திருப்பிவிடுவது.

சகோதரிகளே, ஒரு நாள் கருவியை ஏமாற்றலாம். மீதி 364 நாளும் அந்தப் புகையைச் சுவாசிப்பது யார்? நம் பிள்ளைகள் அல்லவா?

காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடி, மயக்கம், குமட்டல் வரும். அடைத்த ஷெட்டுக்குள் உயிரையே பறிக்கும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். இந்த வாயு கூடுவது, காற்றுக் குறைந்து பெற்றோல் அதிகமாகச் சேரும்போது. டைமிங்கைத் திருப்பி இதைத் தீர்க்க முடியாது. காபரேட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, காரை கராஜுக்குக் கொண்டுபோகும் முன் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். முதலில் எயார் ஃபில்டரும் பிளக்கும். அடுத்து, பொயின்ட் இடைவெளி. அதன் பிறகே டைமிங். அதையும் காதால் கேட்டு அல்ல, டைமிங் லைட் பிடித்து, பூட்டியிருக்கும் இஞ்சினுக்கு உரிய அளவில் வைக்க வேண்டும். கடைசியாகக் காபரேட்டர். பிறகு அப்படியே விட்டுவிட வேண்டும். ஓட்டோக்களில் பெரும்பாலும் டைமிங் திருப்ப முடியாதது; ஃபில்டர், பிளக், காபரேட்டர் சரியாக இருந்தாலே பாதிக் கவலை தீரும். கம்பியூட்டர் உள்ள புதிய கார்களிலும் திருப்ப ஒன்றுமில்லை; பழுதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இஞ்சின் மாற்றியிருந்தால் புதிய இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

நம் கையில் உள்ளதும் உண்டு. வாகனத்தை ஷெட்டுக்குள் ஓடவிட வேண்டாம். புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் வீதியைப் பார்க்க நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பின்னால் நிற்க விடாதீர்கள்.

சான்றிதழ் காரின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். புகையோ நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் இருக்கும். எது சுத்தமாக இருக்க வேண்டும் என்று நீங்களே சிந்தியுங்கள்!