மாகாளிக் கிழங்கைக் காட்டில் தோண்ட வேண்டாம், வேலியில் வைப்போம்

இயற்கை அங்காடிகளில் ‘காட்டில் சேகரித்தது’ என்று ஒரு வரி போட்டால் அந்தப் பொருளுக்குத் தனி மரியாதை. தேனுக்கும் நெல்லிக்காய்க்கும் சரி. மாகாளிக் கிழங்கு ஊறுகாய் பாட்டிலில் அந்த வரி இருந்தால், பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

எனக்குக் கிழங்கு மேல் பகை இல்லை. மூட்டைப்பூச்சி வாசனை என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்தட்டும்; மோரில் ஊறின மாகாளி இல்லாமல் எனக்குத் தயிர்சோறு இறங்காது. கவலை அது வளரும் இடத்தைப் பற்றியது. தென்னிந்திய மலைக்காடுகளை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாக வளராத கொடிப்புதர் இது. சவ்வாது மலை, சேர்வராயன், ஆந்திராவில் சித்தூர்ப் பக்கம், கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை என்று பாறை இடுக்குகளில் வேர்விட்டுக் கிடக்கும். 1834இல் வைட், ஆர்னாட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் வைத்த பெயர் டெகாலெபிஸ் ஹாமில்டோனி. ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் அது இன்று ‘அழியும் ஆபத்தில் உள்ளது’. அதன் தங்கை டெகாலெபிஸ் சாலிசிஃபோலியா கொடியாகப் படராமல் குத்துச்செடியாக நிற்கும். ஆனைமலையும் அதை ஒட்டிய மலைகளும்தான் அதற்கு மொத்த உலகம். அதன் நிலை இன்னும் ஒரு படி மோசம்.

காரணம் எளிது. கடுக்காய் பறித்தால் மரம் நிற்கும். கிழங்கைத் தோண்டினால் செடியே போச்சு. வங்கிக்காரன் புத்தியில் சொன்னால், வட்டியை எடுப்பது வேறு, டெபாசிட்டையே உடைப்பது வேறு. காய் வெடித்துப் பஞ்சு விதை காற்றில் பறக்கும் முன்பே வேர் போய்விட்டால், அந்தக் கணக்குக்கு நாமினியும் இல்லை.

ஊறுகாய்க்கு மட்டும் என்றால் காடு தாங்கியிருக்கும். பல இடங்களில் நன்னாரி என்ற பெயரில் சர்பத்துக்கும் மருந்துக்கும் போவது இதே வேர்தான். நம் வரப்பில் படரும் நிஜ நன்னாரியின் வேர் மெல்லிசு. இது விரல் தடிமனுக்கு மேல். வியாபாரிக்கு எது லாபம் என்று சொல்லவா வேண்டும்? மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆய்வாளர்கள் இந்த வேருக்குச் சேமிப்பு தானிய வண்டுகளைக் கொல்லும் தன்மை இருப்பதையும் காட்டியிருக்கிறார்கள். நல்ல ஆராய்ச்சி. அதைப் படித்துவிட்டு நம்ம ஆட்கள் மூட்டை மூட்டையாகக் கிழங்கு வாங்கிப் பூச்சிவிரட்டி காய்ச்சக் கிளம்பினால்தான் வம்பு. நொச்சியும் வேம்பும் வசம்பும் நமக்குப் போதாதா? குதிரில் நொச்சி இலை போட்டு நெல்லைக் காத்த பாட்டிகள் சவ்வாது மலைக்கு ஆள் அனுப்பவில்லை.

‘மலைமக்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீரா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காடு காலியானால் முதலில் பிழைப்பு போவது அவர்களுக்குத்தான். அவர்கள் தங்கள் நிலத்தில் வளர்த்த கிழங்கை, இவ்வளவு எடுத்துக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே பேசி, கூடுதல் விலைக்கு வாங்குவதுதான் ஒரு விவசாயி இன்னொரு விவசாயிக்குச் செய்வது. நம் சான்றிதழ் விதியும் இதற்கு இடைஞ்சல் இல்லை. 2001இல் வந்த என்.பி.ஓ.பி. காட்டுச் சேகரிப்புக்கும் சான்று தருகிறது. ஆனால் எடுக்கும் அளவு அந்தக் காடு தாங்குகிற அளவை மிஞ்சக் கூடாது என்கிறது. ஆகவே கடையில் கேளுங்கள்: எந்த மலை, யார் தோண்டினார், மறுபடி நட்டாரா? பதில் வராவிட்டால் எலுமிச்சை ஊறுகாய் இருக்கவே இருக்கு.

இங்கே வளருமா என்றால், பாகூர் ஏரிப் பாசனக் களியில் முயல வேண்டாம். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு, கரசூர் பக்கம் செம்மண் மேடு வைத்திருப்பவர்கள் வேலியோரம் நாலு செடி வைத்துப் பார்க்கலாம். விதையில் வந்த நாற்றாக வாங்குங்கள், காட்டில் பிடுங்கினது வேண்டாம். கிழங்கு பருக்கச் சில வருஷம் பிடிக்கும், அதனால் இதை நம்பிக் கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் இறங்காதீர்கள். முதல் காய் வெடிக்கும் வரை கடப்பாரையைத் தொட வேண்டாம். அந்த விதையைப் பிடித்துப் பக்கத்து நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஊறுகாய் ஜாடியைக் கழுவலாம்.