வெட்டிவேர் மாலை வாங்குறோம், வீட்டுல நடுறோமா?



சாமிக்கு வெட்டிவேர் மாலை காசு கொடுத்து வாங்குறோம். அந்தப் புல்லை வாசல்ல நட மட்டும் யோசிக்கிறோம்.

1991-ல் டுரியான் துங்கால் அணை வற்றியப்போ மலாக்காவே வாளியோடு நின்னது ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறமும் கார்ப்பெட் புல்லுக்குத் தினமும் பைப்புத் தண்ணி ஊத்துறது நியாயமா?

வெட்டிவேர் நம்ம தாத்தா பாட்டி ஊர்ப் புல். வேர் 3 மீட்டர் வரை நேரா கீழே இறங்கும். வறட்சியைத் தாங்கும், சரிவு மண்ணைப் பிடிச்சு நிறுத்தும். கொத்தாவே நிற்கும், லாலாங் மாதிரி பரவாது. 1980களின் கடைசியில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே இதை நட்டு ஆராய்ந்தது.

கொத்தைப் பிரிச்சு அரை அடிக்கு ஒண்ணா நடுங்க. வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்துங்க, பிறகு மழை போதும். சரிவில் நட்டதைத் தோண்டாதீங்க. மாலைக்குத் தனியா சாக்குல வளருங்க. சொந்தமா வளர்த்த வேர்ல சாமிக்கு ஒரு மாலை போட்டா மனசு நிறைஞ்சிடும்.